இலை தின்ற படையும் கடல் திறந்த வாசலும்

ஹிஜ்ரி எட்டாம் ஆண்டில் நிகழ்ந்ததாகப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் குறிக்கும் ஒரு பயணத்திலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குவோம். அபூ உபைதா இப்னுல் ஜர்ராஹ் (ரலி) அவர்களின் தலைமையில் முந்நூறு பேர் கொண்ட ஒரு படையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடற்கரை நோக்கி அனுப்பிவைத்தார்கள். வழியுணவாக அவர்களிடம் இருந்தது ஒரு பை பேரீச்சம்பழம் மட்டுமே. அது குறையக் குறைய, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு பழம் என்று அபூ உபைதா (ரலி) பங்கிட்டுக் கொடுத்தார்கள். கைக்குழந்தை பால் சுவைப்பது போல அந்த ஒரு பழத்தைச் சுவைத்து, அதன்மேல் தண்ணீர் குடித்து, அன்றைய பகலை இரவுவரை கழித்ததாக ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அறிவிக்கிறார்கள். பிறகு அதுவும் தீர்ந்தது. கம்புகளால் மரங்களை அடித்து, உதிர்ந்த காய்ந்த இலைகளைத் தண்ணீரில் நனைத்துத் தின்றார்கள். அவ்வாறு உதிர்த்த இலைக்கு அரபியில் 'கபத்' என்று பெயர். அப்படைக்கு 'ஜைஷுல் கபத்', அதாவது இலைப் படை என்ற பெயர் அதனாலேயே ஏற்பட்டது.

அந்நிலையில் கரையில் ஒரு மணல்மேடு போல் ஏதோ தெரிந்தது. அருகே சென்று பார்த்தால் கடல் ஒதுக்கிய ஒரு பெருமீன். 'அன்பர்' என்று அழைக்கப்படும் திமிங்கிலம். செத்த பிராணி ஆயிற்றே என்று அபூ உபைதா (ரலி) முதலில் தயங்கினார்கள். பின்னர், நாம் அல்லாஹ்வின் பாதையில் வந்தவர்கள், நிர்ப்பந்தத்தில் இருக்கிறோம் என்று எண்ணி உண்ண அனுமதித்தார்கள். பல நாட்கள் அவர்கள் அதை உண்டு உடல் தேறினார்கள். அதன் விலா எலும்பொன்றை நட்டுவைத்தபோது அதன் கீழே ஒட்டகம் ஒன்று நடந்து சென்றது. திரும்பும்போது இறைச்சியைப் பக்குவப்படுத்தி வழியுணவாக எடுத்து வந்தார்கள். மதீனாவில் நபியவர்களிடம் செய்தியைச் சொன்னபோது, அது அல்லாஹ் உங்களுக்காக வெளிப்படுத்திய உணவு என்று கூறி, எங்களுக்கும் கொடுக்க அதில் ஏதேனும் மீதம் இருக்கிறதா என்று கேட்டார்கள், கொடுத்தபோது உண்டார்கள். புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது.

மண் தரும் உணவு கடைசி இலைவரை தீர்ந்துபோனபின் கடல் ஒரு வாசலைத் திறந்தது என்பது இந்நிகழ்ச்சியின் மையம். குமரிக் கரையில் வாழும் நமக்கு இது தொலைதூரத்துக் கதையன்று. வயலும் தோப்பும் கைவிட்ட காலங்களில் நம் முன்னோரின் உலைக்குத் துணைநின்றது கடல்தான். அந்த வாசல் எப்போது திறந்திருந்தது, எப்போது மனிதர்களால் அடைக்கப்பட்டது, இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதை வரலாற்றின் துணையோடு பார்ப்பதே நம் நோக்கம்.

வேதம் காட்டும் உணவுக்களம்

அந்நஹ்ல் அத்தியாயத்தின் 14ஆம் வசனம், கடலிலிருந்து புத்தம்புதிய இறைச்சியை நீங்கள் உண்பதற்காக அதை இறைவன் வசப்படுத்தித் தந்திருப்பதை நினைவூட்டுகிறது. அல்மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம், கடலில் வேட்டையாடுவதும் அதன் உணவும் உங்களுக்கும் பயணிகளுக்கும் ஆகுமாக்கப்பட்டுள்ளன என்று அறிவிக்கிறது. இஹ்ராம் அணிந்திருப்பவர் தரையில் வேட்டையாடுவதைத் தடுக்கும் அதே வசனம், கடல் வேட்டையை அவருக்கும் அனுமதிப்பது சிந்திக்கத் தக்கது. கடலின் நீர் தூய்மையானது, அதில் செத்தது ஹலால் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் உள்ளது. மீனும் வெட்டுக்கிளியும் அறுக்காமலே உண்ண ஆகுமானவை என்ற அறிவிப்பு இப்னு மாஜாவில் இடம்பெற்றுள்ளது. பயிரைத் தின்றழிக்க வரும் வெட்டுக்கிளியே பயிரிழந்தவனுக்கு உணவாக அனுமதிக்கப்பட்டிருப்பது எத்தகைய கருணை!

சட்ட விளக்கத்தில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் கடல்வாழ் உயிரினங்களுக்கான அனுமதி விரிவானது. ஹனஃபீ மத்ஹபில் மீன் மட்டுமே ஆகும். தானே செத்து மிதக்கும் மீன் கூடாது. இறால் மீனில் சேருமா என்பதில் அறிஞர்களிடையே உரையாடல் நீண்டது. இரு மத்ஹபினரும் சம்பந்தம் செய்துகொள்ளும் குடும்பங்களில் நண்டும் கணவாயும் ஒரு பாத்திரத்திலும் மீன்கறி மற்றொரு பாத்திரத்திலும் இருப்பதும், ஒருவர் தட்டை மற்றவர் குறை சொல்லாததும் நல்ல பண்பாடு. கடல் ஓர் உணவுக்களம் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

உழாத வயல்

கடல் உணவு செடிகொடிகளைச் சாராதது என்று சொல்லும்போது ஒரு திருத்தம் வேண்டும். கடலிலும் பசுமை உண்டு. கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகளே அது. அவற்றைச் சிறு உயிரிகள் உண்ண, அவற்றைச் சாளையும் நெத்தோலியும் உண்ண, அவற்றைச் சூரையும் நெய்மீனும் உண்கின்றன. ஆயினும் அந்தப் பசுமைக்கு விதை வேண்டாம், ஏர் வேண்டாம், குளத்து மடை திறக்க வேண்டாம். அதற்குப் பட்டாவும் இல்லை, தீர்வையும் இல்லை. தரையில் மழை பொய்த்தால் பயிர் கருகுகிறது. கடலின் விளைச்சலோ வேறொரு கணக்கில் நடக்கிறது.

அக்கணக்கு குமரிக் கரையில் நன்றாகவே விளங்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் மேற்குக் கரையோரத்து மேல்நீர் விலகி, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. அடியில் தங்கிக் கிடந்த சத்துகள் அதோடு மேலே வர, நுண்பாசி பெருகுகிறது. சாளைக் கூட்டம் திரள்கிறது. இதற்கும் மேலாக, குமரிமுனைக்குத் தெற்கே கடலடியில் 'வெட்ஜ் பேங்க்' என்று அழைக்கப்படும் பரந்த மேட்டுநிலம் ஒன்று உள்ளது. ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த மேடு உலகின் வளமிக்க மீன்பிடித் தளங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1920களிலேயே இலங்கையிலிருந்து இழுவைக் கப்பல்கள் அங்கு வந்து ஆராய்ந்து மீன்பிடித்தன. 1976ஆம் ஆண்டு மார்ச்சில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட கடல் எல்லை உடன்பாட்டில் அது இந்தியாவுக்குரிய கடற்பகுதி என உறுதியாயிற்று. இலங்கைக் கப்பல்களுக்கு மூன்றாண்டுகள் மட்டும் அங்கு மீன்பிடிக்க இடம் அளிக்கப்பட்டது.

சூரியனையும் பசுமையையும் அறவே சாராத உணவுச் சங்கிலியும் கடலில் உண்டு என்பதை மனிதன் அறிந்தது மிக அண்மையில்தான். 1977இல் 'ஆல்வின்' என்ற நீர்மூழ்கியில் கலபகோஸ் தீவுகளுக்கு அருகே ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில் இறங்கிய அறிவியலாளர்கள், கடலடி வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிப் புழுக்களும் சிப்பிகளும் நண்டுகளும் செழித்திருப்பதைக் கண்டனர். அங்கே ஒளி இல்லை. ஊற்றில் வெளிப்படும் கந்தகச் சேர்மங்களிலிருந்து பாக்டீரியாக்கள் உணவை ஆக்குகின்றன. மற்றவை அவற்றைக் கொண்டு வாழ்கின்றன. 2000ஆம் ஆண்டில் நம் இந்தியப் பெருங்கடலிலும் அத்தகைய ஊற்றுகள் கண்டறியப்பட்டன. பூமியில் உள்ள எந்த உயிரினத்தின் ரிஸ்கும் அல்லாஹ்வின் பொறுப்பிலேயே உள்ளது என்ற ஹூத் அத்தியாயத்து வசனத்தை ஓதும்போது, ஒளி எட்டாத அந்த ஆழமும் நம் நினைவில் இருக்கட்டும்.

மீனால் வாழ்ந்த கரைகள்

வயலின்றி மீனையே நம்பி வாழ்ந்த மக்களைப் பற்றிய குறிப்புகள் பழையவை. கி.மு. 325இல் அலெக்சாண்டரின் கடற்படைத் தலைவர் நியார்க்கஸ், சிந்து முகத்துவாரத்திலிருந்து பாரசீகம் நோக்கிச் சென்றபோது, இன்றைய மக்ரான் கரையில் மீனுண்போர் என்றே பெயர்பெற்ற மக்களைக் கண்டார். அவர்கள் மீனை வெயிலில் உலர்த்தி, இடித்து மாவாக்கி, அதில் ரொட்டி சுட்டார்கள். திமிங்கில எலும்புகளை நட்டு வீடு கட்டினார்கள். அவர்களுடைய ஆடுகளும் மீனையே தின்றன. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோவும் தென் அரேபியாவின் ஷிஹ்ர் துறைமுகப் பகுதியில் கால்நடைகளுக்கு உலர்ந்த சிறுமீன் தீவனமாக இடப்படுவதை எழுதினார். புல் முளைக்காத கரையில் கடலே மேய்ச்சல் நிலமாயிற்று.

நமக்கு இன்னும் அருகில் மாலத்தீவு இருக்கிறது. 1343இல் அங்கு சென்று காழியாகப் பணியாற்றிய இப்னு பதூதா, அத்தீவுகளில் தானிய விளைச்சல் மிகக் குறைவு என்றும், மக்கள் மீனையும் தென்னையையும் கொண்டு வாழ்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். மீனைத் துண்டாக்கி, வேகவைத்து, புகையூட்டி உலர்த்தி, ஓலைக்கூடைகளில் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் ஏற்றுமதி செய்ததையும் அவர் குறிக்கிறார். அடுத்த ஆண்டு அவர் இலங்கை வழியாக மஅபர் என்று அரபியர் அழைத்த நம் தமிழ்க் கரைக்கு வந்து, மதுரை சுல்தானின் விருந்தினராகவும் இருந்தார். அவர் கண்ட அந்தச் சூரைமீன் பக்குவமே இன்று நாம் 'மாசி' என்று சொல்வது. கல்போல் இறுகிய ஒரு துண்டு மாசியை இடித்துச் சம்பலிலும் கறியிலும் போடும் நம் வீட்டுப் பெண்கள், எழுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிவைக்கப்பட்ட ஒரு கடல் வணிகத்தின் சுவையைத் தம்மையறியாமல் காத்துவருகிறார்கள்.

இங்கே ஒரு செய்தி தெளிவாகிறது. மீன் பிடிப்பதால் மட்டும் பஞ்சம் தீர்வதில்லை. ஒரு நாளில் அழுகிவிடும் மீனை ஓராண்டு நிற்கும் உணவாக மாற்றவும், கரையிலிருந்து உள்நாட்டுக்குக் கொண்டுசெல்லவும் வழி இருந்தால்தான் அது பசித்தவனை அடையும். இலைப் படையும் இறைச்சியைப் பக்குவப்படுத்தியதால்தான் அது மதீனாவை எட்டியது. நம் நாட்டில் அந்த வழியின் பெயர் உப்பு.

நெல்லின் நாட்டில் பஞ்சம்

தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய இரு தாலுகாக்களைக் கொண்ட நாஞ்சில் நாடு, திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று புகழப்பட்டது. அந்தக் களஞ்சியமும் வெறுமையானதுண்டு. 1860ஐ ஒட்டித் தென் திருவிதாங்கூரில் மழை தவறிக் கடும் பஞ்சம் வந்ததை அக்காலத்து மிஷனரிகள் பதிவு செய்துள்ளனர். குளத்துப் பாசனத்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்பதை இத்தகைய அனுபவங்கள் உணர்த்தின. கோதையாற்றின் குறுக்கே பேச்சிப்பாறை அணை கட்டும் பணி 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது. அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின் அணைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.

இதற்கிடையே, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் தக்காணத்தையும் உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவான கணிப்பு. பஞ்சம் தாக்கிய அந்த மாகாணத்துக்கு நீண்ட கடற்கரை இருந்தது. கடலில் மீனும் இருந்தது. ஆனால் மீனைக் கருவாடாக்க உப்பு வேண்டும். உப்போ அரசின் ஏகபோகம். அதன்மீதான வரி, உப்பின் அடக்கவிலையைப் போலப் பல மடங்கு. வரி கட்ட இயலாத மீனவர் உவர்மண்ணைக் கொண்டு மீனைப் பதப்படுத்தினால் அது குற்றம். சரியாக உப்பிடாத மீன் கெட்டது. கெட்டதைத் தின்றவர் நோயுற்றனர். திருவிதாங்கூர் தனி அரசாக இருந்தபோதிலும், 1865இல் பிரிட்டிஷ் இந்தியாவுடன் செய்துகொண்ட வணிக உடன்படிக்கைக்குப் பின் அதன் உப்பு விலையும் அந்த அளவுக்கே உயர்த்தப்பட்டது. புத்தளம், தாமரைக்குளம் பகுதிகளில் உப்பளங்கள் வெண்மையாய்ப் பரந்துகிடக்க, அருகிலேயே உப்புக்கு விலை ஏறியது.

19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சென்னை மாகாண அரசு மீன் பதனிடும் முற்றங்களைக் கரையோரங்களில் அமைத்து, அங்கு மட்டும் வரியில்லா உப்பை வழங்கியது. பிறகு, பிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியின் பொறுப்பில் 1905இல் மீன்வளம் பற்றிய ஆய்வு தொடங்கியது; 1907இல் சென்னை மீன்வளத்துறைக்கான அமைப்பு உருவாயிற்று. மக்களின் உணவுப் பற்றாக்குறைக்கு மீன் ஒரு தீர்வாகலாம் என்பதே அவருடைய அடிப்படை எண்ணம். ஆனால் தாது வருடம் கடந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அந்த எண்ணம் அரசுத்துறையாயிற்று.

அல்லாஹ் திறந்த வாசலில் மனிதன் ஒரு சுங்கச்சாவடியைக் கட்டினான் என்பதுதான் இதன் பொருள். பஞ்சத்தில் இறந்தவர்கள் உணவே இல்லாததால் மட்டும் இறக்கவில்லை; இருந்த உணவு அவர்களை வந்தடையும் வழி அடைபட்டதாலும் இறந்தார்கள்.

மரச்சீனியும் சாளையும்

அடுத்த சோதனை இரண்டாம் உலகப்போரில் வந்தது. அக்காலத் திருவிதாங்கூர் தனக்கு வேண்டிய அரிசியில் பாதியைக்கூட விளைவிக்கவில்லை. மீதி பெரும்பாலும் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் அந்த வரத்து நின்றது. பங்கீட்டு அரிசிக்கு மக்கள் வரிசையில் நின்றனர். அப்போது நம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியான கல்குளம், விளவங்கோடு மக்களின் வயிற்றை நிரப்பியது மரச்சீனிக்கிழங்கு. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதன் பயிரை ஊக்குவித்தவர். மேட்டுநிலத்திலும் விளையும், பெரிய நீர்ப்பாசனம் வேண்டாத கிழங்கு அது.

ஆனால் மரச்சீனி வயிற்றை நிரப்புமே தவிர உடலை வளர்க்காது. நூறு கிராம் கிழங்கில் புரதம் ஏறத்தாழ ஒரு கிராம் மட்டுமே. அதே எடை சாளையில் அது இருபது கிராம் அளவுக்கு உண்டு. கிழங்கை அவித்து, தேங்காய் அரைத்த சாளைக்கறியை அதன்மேல் ஊற்றிப் பிசைந்து உண்ணும் நம் மாவட்டத்து உணவு, வறுமை கற்றுக்கொடுத்த ஓர் உடல்நல அறிவு. இன்று விருந்தினருக்குப் பெருமையோடு பரிமாறும் அந்த உணவை ஒரு காலத்தில் ஏழைகளின் சோறு என்று நாம் இளக்காரமாகப் பார்த்ததும் உண்டு. அல்லாஹ் மன்னிப்பானாக.

கடல் அருகில் இருந்தாலே எல்லாரும் பிழைத்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அப்போர்க்காலத்தில் திருவிதாங்கூரில் பசியாலும் சத்துக்குறைவாலும் மிகுதியாக மக்கள் மடிந்த பகுதி சேர்த்தலை. அது கடற்கரைத் தாலுகாதான். கயிற்றுத் தொழில் நலிந்து, கையில் காசின்றிப் போன தொழிலாளர்கள் அங்கே வாடினார்கள். மீன் வாங்கக் காசு வேண்டும், பிடிக்க வலை வேண்டும், பகிர மனம் வேண்டும். தாது வருடத்தில் உப்பு வரி சொன்ன பாடத்தையே சேர்த்தலையும் சொன்னது.

நம் கரையில் அந்தப் பகிர்வு பல கைகளைக் கடந்தே நடந்தது. கட்டுமரத்திலும் வள்ளத்திலும் உயிரைப் பணயம் வைத்துக் கடலுக்குப் போனவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்க மீனவர். கரமடி இழுத்தவர்களின் பெண்களே கடவத்தில் மீன் சுமந்து உள்ளூர்களுக்கு நடந்தார்கள். மேட்டுநிலத்துக் குடியானவர் கிழங்கு கொடுத்தார். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற ஊர்களில் நம் சமுதாயத்து வணிகர் கருவாட்டையும் உப்பையும் தேங்காயையும் வாங்கி விற்று, கொழும்பு வரை அனுப்பினார்கள். தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து 2019இல் மறைந்த எழுத்தாளர் தோப்பில் முஹம்மது மீரான் தம் 'துறைமுகம்' நாவலில் இக்கரையின் மீன் வணிக வாழ்வையே பொருளாக்கினார். அவருடைய எழுத்துகளில் ஏழையைச் சுரண்டும் முதலாளிகளும் வருகிறார்கள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. கரையில் நின்று இலாபம் பார்த்தவர்களில் நம்மவரும் உண்டு. அளவிலும் நிறுவையிலும் நீதி தவறினால் வரும் கேட்டை அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம் எச்சரிப்பது நமக்கும்தான்.

கடல் கொடுப்பது மட்டுமன்று, எடுக்கவும் செய்யும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை குளச்சலைச் சூறையாடியதையும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் ஆழ்கடலுக்குச் சென்றிருந்த மீனவர்களைக் கொண்டுபோனதையும் இம்மாவட்டம் மறக்காது. நம் தட்டில் விழும் ஒவ்வொரு மீன்துண்டுக்கும் பின்னால் விடியலுக்காகக் காத்திருந்த ஒரு குடும்பம் உண்டு.

வாசல் மீண்டும் ஒடுங்குகிறதா?

அன்று உப்பு வரி அடைத்த வழியை இன்று நம் பேராசை அடைத்துக்கொண்டிருக்கிறது. நம் கரைக்கும் கேரளத்துக்கும் பொதுவான சாளையின் கணக்கைப் பார்த்தாலே போதும். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, கேரளக் கரையில் 2012இல் ஏறத்தாழ 3.99 லட்சம் டன் சாளை கிடைத்தது. 2021இல் அது 3,297 டன்னாகச் சுருங்கியது. கடல்நீரின் வெப்ப மாற்றமும் பருவக்காற்றின் போக்கும் இதற்குக் காரணங்கள். அவை நம் கையில் இல்லை. ஆனால் இனப்பெருக்கத்துக்கு முன்பே குஞ்சுகளை அள்ளும் சிறுகண் வலையும், கடலடியைச் சுரண்டும் இழுவை மடியும், அவ்வாறு அள்ளிய குஞ்சுகளைக் கோழித்தீவனத்துக்கு அரைக்கும் ஆலைகளும் மனிதன் ஆக்கியவை. ஓர் ஏழை வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய பத்து ரூபாய்ச் சாளை, தீவனமாகி, கோழியாகி, வசதியுள்ளவர் வீட்டுக்கு வந்துசேருகிறது.

கட்டுப்பாடு இல்லாமல் இல்லை. நம் மாவட்டம் இரு கடல்களின் சந்திப்பில் இருப்பதால் இரண்டு தடைக்காலங்களைக் கொண்டது. கிழக்குப் பகுதியில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குப் பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது. இஹ்ராமில் இருப்பவருக்குத் தரை வேட்டையைத் தடுத்து வேட்டைக்கும் ஒரு வரம்பு உண்டு என்று கற்றுத்தந்த மார்க்கத்தைச் சேர்ந்த நமக்கு, மீன் பெருக இரண்டு மாதம் பொறுப்பது புரியாத செய்தியாக இருக்க முடியாது. வெட்ஜ் பேங்க் பகுதியில் எண்ணெயும் எரிவாயுவும் தேடும் திட்டங்கள் அண்மை ஆண்டுகளில் முன்வைக்கப்பட்டுள்ளன. மாவட்டத்து மீனவர்கள் அவற்றை எதிர்த்து வருகின்றனர். அது அவர்களின் பிரச்சினை என்று ஒதுங்கியிருக்க நமக்கு உரிமையில்லை. அந்த மேட்டில் மேயும் மீன்தான் நம் வீட்டுச் சட்டியில் கொதிக்கிறது.

ஆகவே சில சிறிய பொறுப்புகளை நாமே ஏற்றுக்கொள்வோம். விரல் நீளம்கூட இல்லாத சாளைக்குஞ்சை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதிருப்போம். தடைக்காலத்தில் கட்டுமரத்து மீனவர் கொண்டுவரும் மீனைப் பேரம் பேசிக் குறைக்காதிருப்போம். அக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று, அவர் எம்மதத்தவராயினும், விசாரிப்போம். மரச்சீனியும் சாளையும் எப்படி நம் உணவாயிற்று என்பதைப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு வேளையிலேயே சொல்லிக்கொடுப்போம்.

இலைப் படை மதீனா திரும்பிய அந்த நாளை மீண்டும் எண்ணிப் பார்க்கிறோம். கரையில் ஒதுங்கிய ஒரு மீன் முந்நூறு பேரைக் காத்தது. அதைக் கேட்ட நபியவர்கள், அது அல்லாஹ் தந்த உணவு என்றார்கள்; உடனே, எங்களுக்கும் கொடுக்க மீதம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்று நம்மை நோக்கியும் நிற்கிறது. நமக்குப் பின் இக்கரையில் வாழப்போகும் பிள்ளைகளும், நம்மோடு இக்கரையில் வாழும் ஏழைகளும் அதையே கேட்பார்கள். ஆம், மீதம் இருக்கிறது என்று சொல்லும் நிலையில் நம்மை வல்ல அல்லாஹ் ஆக்கிவைப்பானாக. கடலுக்குப் போனவர்கள் அனைவரையும் நலமாகக் கரைசேர்ப்பானாக. ஆமீன்.